மலை வீட்டில் சுவரை இடிக்கும் முன்: கொட்டேஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் சாலைக்குக் கீழே, நாற்பத்தி இரண்டு படி இறங்கினால் வரும் ஒரு சரிவில் இருக்கிறது. தாத்தா கட்டியது. பதினெட்டு அங்குலக் கல் சுவர், மேலே மங்களூர் ஓடு. இரண்டு வருடத்துக்கு முன்னால் மூன்று வேலைகளைச் சேர்த்து எடுத்தோம்: சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருந்த சுவரில் 12 அடி எடுத்துவிட்டு பீம் போடுவது, வீட்டுக்குப் பின்னால் வயிறு தள்ளி நின்ற தடுப்புச் சுவரை மாற்றிக் கட்டுவது, ஒரு மூலையில் வந்த விரிசலைச் சரி பண்ணுவது. மூன்று பேர் கொட்டேஷன் கொடுத்தார்கள். 4 லட்சத்து 60 ஆயிரம், 7 லட்சத்து 25 ஆயிரம், 9 லட்சத்து 10 ஆயிரம். அன்றிலிருந்து வீட்டில் வேலை வைக்கிற தெரிந்தவர்கள் எல்லாரும் என்னிடம் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நான் இன்ஜினியர் இல்லை, அதற்கு முந்தைய ஒரு வேலையில் சூடு பட்டவன், அவ்வளவுதான்.

மூன்று கொட்டேஷனுக்கும் இரண்டு மடங்கு வித்தியாசம். யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றுதானே அர்த்தம்?

பெரும்பாலும் இல்லை. மூன்று பேரும் மூன்று வேறு வேலைக்கு விலை போட்டிருக்கிறார்கள், நாம் ஒரே வேலை என்று நினைத்துக்கொண்டு மொத்தத் தொகையை மட்டும் பார்க்கிறோம்.

எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். 4.60 கொடுத்தவர் எழுதியது இது: "சுவர் எடுத்து 9 அங்குல பீம் போடுதல்". முதலில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. என் மனைவிதான் டேப்பை எடுத்துச் சுவரை அளந்தாள். பதினெட்டு அங்குலம். பதினெட்டு அங்குலக் கல் சுவருக்கு அடியில் ஒன்பது அங்குல பீம் ஒன்று போட்டால் மீதி ஒன்பது அங்குலக் கல் எதன் மேல் உட்காரும்? ஓட்டுக்கும் பீமுக்கும் நடுவில் 4 அடி உயரத்துக்கு நிற்கும் கல் மட்டுமே, 12 அடி நீளத்துக்குக் கணக்குப் போட்டால், கிட்டத்தட்ட 5 டன் வரும். அதில் பாதி அந்தரத்தில். மற்ற இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பீம் போட்டிருந்தார்கள். ஆக, குறைந்த கொட்டேஷன் குறைவாக இருந்ததற்குக் காரணம் அவர் நல்லவர் என்பதல்ல, கெட்டவர் என்பதும் அல்ல. அவர் சுவரை அளக்கவே இல்லை. ஹாலில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுச் சமவெளிச் செங்கல் வீட்டை மனதில் வைத்து எழுதிக் கொடுத்துவிட்டார்.

அப்படியானால் எல்லாரிடமும் ஒரே வேலைக்கு விலை வாங்குவது எப்படி?

வேலைப் பட்டியலை நீங்கள் கொடுக்க வேண்டும், அவர்கள் அல்ல. நம் ஊர் வழக்கம் தலைகீழ்: ஆளைக் கூப்பிடுவோம், கையைக் காட்டி "இந்தச் சுவரை எடுக்கணும், அந்தப் பக்கம் கட்டணும்" என்போம், அவர் தலையாட்டிவிட்டு இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு தொகை அனுப்புவார். ஒரு வெள்ளைத்தாளில் வேலையை உடைத்து எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அளவு, ரேட், தொகை என்று மூன்று கட்டம் காலியாக விட்டு, மூன்று பேருக்கும் அதே தாளின் நகலைக் கொடுங்கள். முட்டு கொடுப்பது, இடிப்பது, இடித்ததை அள்ளுவது, பீம் கான்கிரீட், கம்பி, சென்ட்ரிங் (கான்கிரீட் ஊற்ற அடிக்கும் பலகையும் முட்டும்), பூச்சு, சுமைக்கூலி எல்லாம் தனித்தனி வரி. சிலர் நிரப்ப மாட்டார்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்" என்பார்கள். அந்த வார்த்தை வந்தாலே நான் அவரை மனதுக்குள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன்.

இன்ஜினியர் எதற்கு? மேஸ்திரிக்குத் தெரியாததா?

நல்ல மேஸ்திரிக்குத் தெரிந்தது பல இன்ஜினியர்களுக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாரம் தாங்குகிற சுவரை எடுப்பது, அஸ்திவாரத்துக்கு அடியில் தோண்டுவது, 5 அடிக்கு மேல் மண்ணைத் தாங்கும் சுவர் கட்டுவது, இந்த மூன்றுக்கும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் நேரில் வந்து பார்த்து வரைபடம் கொடுத்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. இன்னொன்று, அந்த இன்ஜினியர் வேலை எடுக்கிற கான்ட்ராக்டரின் ஆளாக இருக்கக் கூடாது. நீங்கள் தனியாகக் காசு கொடுத்துக் கூட்டி வந்தவராக இருக்க வேண்டும். அந்த வரைபடம் கையில் இருந்தால்தான் மேலே சொன்ன பட்டியலையே எழுத முடியும், பீம் என்ன சைஸ், கம்பி எத்தனை என்று எல்லாருக்கும் ஒரே பதில் கிடைக்கும்.

எங்கள் வீட்டுக்கு வந்தவர் முதலில் செய்தது பரணில் ஏறி ஓட்டுச் சட்டங்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று பார்த்ததுதான். சட்டங்கள் நாங்கள் எடுக்க நினைத்த சுவர் மேலேயே வந்து உட்கார்ந்திருந்தன. அந்த ஒரு விஷயத்துக்காகவே அவர் கூலி நியாயம் என்று தோன்றியது, ஏனென்றால் மூன்று கான்ட்ராக்டர்களில் ஒருவர்கூட மேலே ஏறவில்லை.

"எல்.எஸ்." என்று ஒரு வரி இருக்கிறது, எதிரே பெரிய தொகை. என்ன அது?

லம்ப்சம். அதாவது, அளவு கிடையாது, மொத்தமாக இவ்வளவு. ஒன்றிரண்டு சில்லறை வேலைக்கு எல்.எஸ். போடுவதில் தப்பில்லை, பழைய கதவைக் கழற்றி வைப்பதற்கெல்லாம் யாரும் கன அடிக் கணக்குப் பார்க்க முடியாது. ஆனால் ஒரு கொட்டேஷனில் பாதித் தொகை எல்.எஸ்.-இல் இருந்தால் அது கொட்டேஷனே அல்ல. அதில் சேராதது என்ன என்று கேளுங்கள், பதிலை அவர் கையாலேயே கீழே எழுதச் சொல்லுங்கள். "இடித்த கல்லை வெளியே கொண்டு போவது சேராது" என்று எங்களுக்கு வந்த ஒரு பதில், சுமாராக நூறு கன அடிக் கல், நாற்பத்தி இரண்டு படி மேலே.

கம்பி, சிமெண்ட் அளவு சரியா என்று நானே பார்க்க முடியுமா?

முடியும், பள்ளிக்கூடக் கணக்குப் போதும். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதோடே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 8 எம்.எம். சுமார் 0.4 கிலோ, 12 எம்.எம். 0.89, 16 எம்.எம். 1.58. கடையில் வரும் முழு நீளக் கம்பி 12 மீட்டர்.

எங்கள் பீமையே எடுத்துக்கொள்ளுங்கள் (உங்களுக்கு வேறு வரும், இன்ஜினியர் சொல்வதுதான் கணக்கு). 12 அடி இடைவெளி, இரு பக்கமும் சுவரில் 9 அங்குலம் உட்கார வேண்டும், ஆக பதின்மூன்றரை அடி, அதாவது 4.1 மீட்டர். அகலம் 9 அங்குலம், உயரம் 15 அங்குலம். அடியில் 16 எம்.எம். மூன்று, மேலே 12 எம்.எம். இரண்டு, அவற்றைச் சுற்றி 6 அங்குலத்துக்கு ஒரு 8 எம்.எம். ரிங். கூட்டிப் பார்த்தால் ஒரு பீமுக்கு 41 கிலோ சொச்சம் கம்பி, பன்னிரண்டரை கன அடி கான்கிரீட், 3 மூட்டை சிமெண்ட். இரண்டு பீமுக்கு 82 கிலோ, 6 மூட்டை.

இவ்வளவுதான் பொருள். அப்படியானால் கொட்டேஷனில் பீமுக்கு ஏன் அத்தனை ஆயிரம்? பணம் போவது பீமுக்கு அல்ல, பீம் இறுகும் வரை கூரையைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு. சுவரில் துளை போட்டு, குறுக்கே இரும்பை நுழைத்து, இரு பக்கமும் முட்டு கொடுத்து, ஒரு பக்கப் பாதிச் சுவரை எடுத்து முதல் பீமைப் போட்டு, அது இறுகிய பிறகு மறுபக்கப் பாதியை எடுத்து இரண்டாவது பீம். கல்லுக்கு நடுவில் இருப்பது வெறும் மண் கலவை என்பதால் ஒரு கல்லை இழுத்தால் மூன்று கல் கூட வரும். எந்தக் கொட்டேஷனில் முட்டு கொடுப்பதற்குத் தனி வரியும் உருப்படியான தொகையும் இருக்கிறதோ அவர் இந்த வேலையை முன்னால் செய்திருக்கிறார். 4.60 கொட்டேஷனில் அந்த வரியே இல்லை.

சதுர அடிக்கு இவ்வளவு என்று ரேட் சொல்கிறாரே?

புது வீட்டுக்குச் சரி. பழைய வீட்டில் சுவர் எடுக்கிற, அஸ்திவாரம் பலப்படுத்துகிற வேலைக்குச் சதுர அடி ரேட் என்று ஒன்று கிடையாது. விட்டுவிடுங்கள்.

மேட்டுப்பாளையத்தில் இருக்கிற தம்பி இதில் பாதிக்கு முடித்தானே, இங்கே மட்டும் ஏன் இவ்வளவு?

ஜல்லி, எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்), சிமெண்ட், கம்பி எல்லாமே கீழேயிருந்துதான் மேலே வர வேண்டும். குன்னூருக்கு பர்லியார் வழி, கோத்தகிரிக்கு அந்தப் பக்க மலைப்பாதை, கொடைக்கானல்காரர்களுக்கு வத்தலக்குண்டு வழி. ஏப்ரல், மே சீசனில் லாரிக்கு நேரக் கட்டுப்பாடு வந்துவிடும், மழையில் எங்காவது மண் விழுந்தால் அன்றைக்கு வேலை நின்றது நின்றதுதான், ஆட்களுக்குக் கூலி மட்டும் நிற்காது.

இதையெல்லாம்விடப் பெரியது லாரி நிற்கிற இடத்திலிருந்து வீடு வரைக்குமான தூரம். கான்ட்ராக்டர்கள் லீட் என்பார்கள், நாம் சுமைக்கூலி என்போம். ஒரு மூட்டை சிமெண்ட் 50 கிலோ, மணல் ஒரு யூனிட் 100 கன அடி, அது அத்தனையும் தலையில்தான் இறங்குகிறது. எங்கள் படியில் முதல் நாள் மணல் சுமந்த ஒரு அம்மாவிடம் "எத்தனை நடை?" என்று கேட்டேன். "எண்ணுனா கால் வலிக்கும் தம்பி" என்றார். அதனால் கொட்டேஷனில் சுமைக்கூலி எழுதாமல் இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், அது பின்னால் எக்ஸ்ட்ராவாக வரும், வேலை பாதியில் நிற்கும்போது வரும். பொருளை எங்கே இறக்குவது, ரோட்டோரம் போட்டால் யார் காவல், பக்கத்து வீட்டுக்காரரிடம் யார் பேசுவது, இதையும் முன்கூட்டியே முடிவு பண்ணுங்கள்.

அப்புறம் தண்ணீர். க்யூரிங்குக்கு, அதாவது கான்கிரீட் இறுகும் வரை நனைத்து வைக்க, தண்ணீர் யார் பொறுப்பு? கோடையில் லாரித் தண்ணீர் வாங்க வேண்டி வந்தால் அந்தப் பணம் யாருடையது? ஒரு மேஸ்திரி என்னிடம் "இங்க பனியே க்யூரிங் பண்ணிடும் சார்" என்றார். பண்ணாது. ஜனவரி, பிப்ரவரியில் காலையில் பனி, பகல் முழுக்க வறண்ட காற்றும் வெயிலும். கான்கிரீட் காயத்தான் செய்யும், ஈரச் சாக்கு போட்டே ஆக வேண்டும்.

தடுப்புச் சுவர் கொட்டேஷனில் எதைப் பார்க்க வேண்டும்?

இதற்குத்தான் நீலகிரியில் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள் என்பேன், ஏனென்றால் கட்டி முடித்த அன்றைக்கு எல்லாத் தடுப்புச் சுவரும் அழகாகத்தான் இருக்கும். ஒரு மழைக்காலம் போனால்தான் தெரியும். 2009 நவம்பர் மழையில் கேத்தி, அச்சனக்கல் பக்கமெல்லாம் நடந்த மண்சரிவு நினைவிருக்கும், மாவட்டம் முழுக்க நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. நம் செம்மண் தண்ணீர் குடித்தால் வெறும் மண்ணாக இருக்காது, கனத்துப் போய்ச் சுவரைத் தள்ளும்.

முதலில் பருமன். சொந்த எடையால் நிற்கும் கல் சுவருக்கு அடிப்பக்க அகலம் உயரத்தில் பாதியாவது இருக்க வேண்டும் என்பது பொதுவான கைக்கணக்கு, மண்ணையும் சரிவையும் பொறுத்து அதற்கு மேலும் போகும். எங்கள் சுவர் 8 அடி உயரம், 30 அடி நீளம். அடியில் நாலரை அடி, மேலே ஒன்றரை அடி, சராசரி 3 அடி. பெருக்கினால் 720 கன அடிக் கல் கட்டு, அஸ்திவாரம் தனி. 4.60 கொட்டேஷனில் இதே சுவருக்கு 380 கன அடி என்று இருந்தது. அதே உயரம், அதே நீளம் என்றால் சராசரிப் பருமன் ஒன்றரை அடி சொச்சம்தான் வருகிறது. அது தடுப்புச் சுவர் அல்ல, காம்பவுண்டுச் சுவர். ஆறு அங்குல ஹாலோ பிளாக்கில் தடுப்புச் சுவர் கட்டித் தருகிறேன் என்று சொன்ன ஒருவரையும் எனக்குத் தெரியும், அவரைப் பற்றி என்ன சொல்ல.

இரண்டாவது, தண்ணீர் வெளியே வரும் வழி. வீப் ஹோல் குழாய் எத்தனை, எவ்வளவு இடைவெளியில், அதன் பின்னால் ஜல்லி நிரப்புவது உண்டா, சுவருக்கு மேலே சரிவில் தண்ணீரைத் திருப்பி விடக் கால்வாய் உண்டா? இது நான்கைந்து வரியில் முடிகிற சமாச்சாரம், மொத்தச் செலவில் சிறிய பங்குதான், ஆனால் பல கொட்டேஷன்களில் இருக்காது. குழாயைச் சும்மா சுவரில் சொருகி, பின்னால் அதே செம்மண்ணைப் போட்டு மூடினால் முதல் மழையிலேயே சேறு அடைத்துக்கொள்ளும். எங்கள் பழைய சுவரை இடித்தபோது பார்த்தேன். ஏழு குழாய், ஏழிலும் மண் கெட்டியாக, ஒன்றில் எறும்புப் புற்று.

மூன்றாவது, எப்படித் தோண்டப் போகிறார்கள்? 30 அடியையும் ஒரே நாளில் வெட்டித் திறந்து போடுவது சுலபம், மலிவு, ஆபத்து. ஆறேழு அடி தோண்டி, கட்டி, அப்புறம் ஒரு துண்டு விட்டு அடுத்ததைத் தோண்டுவதுதான் முறை. கூலி அதிகம் ஆகும். அந்தக் கூடுதல் கூலியைப் பேரத்தில் குறைக்காதீர்கள், பின்னால் இருக்கிற மண் உங்களோடு பேரம் பேசாது.

ஜேசிபி என்று எழுதியிருந்தால் அனுமதி யார் வாங்குவது என்று கேளுங்கள். நீலகிரியில் மண் அள்ளும் இயந்திரம் இறக்கக் கலெக்டர் அனுமதி வேண்டும். "ராத்திரியோட ராத்திரியா முடிச்சிடலாம்" என்பவரிடம் வேலை கொடுத்தால் அபராதமும் கேஸும் வருவது வீட்டுக்காரருக்குத்தான்.

விரிசலுக்கு ஒருவர் கெமிக்கல் ஊற்ற 18 ஆயிரம் என்கிறார், இன்னொருவர் அஸ்திவாரமே பலப்படுத்த வேண்டும், 2 லட்சம் என்கிறார். யாரை நம்புவது?

இரண்டு பேரையும் நம்பாதீர்கள், முதலில் விரிசலை விசாரியுங்கள். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். ஒரு மழைக்காலம் கழித்துப் பாருங்கள். கோட்டைத் தாண்டியிருந்தால் இன்னும் ஓடுகிறது. படிக்கட்டு மாதிரி கல் இணைப்பு வழியாகச் சாய்வாகப் போகிற விரிசல் பெரும்பாலும் அடி, அதாவது அஸ்திவாரம், இறங்குவதால் வருவது. பூச்சில் மட்டும் வலை மாதிரி இருப்பது பூச்சுக் கோளாறு, அதற்கு யாரும் பயப்பட வேண்டாம்.

அடி ஏன் இறங்குகிறது? மலையில் பத்துக்கு ஏழெட்டு இடத்தில் தண்ணீர்தான் காரணமாக இருக்கிறது என்று எங்கள் இன்ஜினியர் சொன்னார். எங்கள் வீட்டில் ஓட்டுத் தண்ணீர் விழுகிற தகரக் குழாய் உடைந்து, வருடக்கணக்கில் அந்த மூலையிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. குழாயை மாற்றித் தண்ணீரைக் கால்வாய்க்குத் திருப்பினோம், சில ஆயிரம்தான். அப்புறம் அந்த ஒரு மூலையில் மட்டும் நான்கு அடி நான்கு அடியாகத் தோண்டி அடியில் கான்கிரீட் கொடுத்தோம். ஒரே ஆள் முழு வீட்டுக்கும் பலப்படுத்த வேண்டும் என்று எழுதினாலும், காரணமே கேட்காமல் கெமிக்கல் ஊற்றுகிறேன் என்றாலும், இரண்டும் பார்க்காமல் எழுதியதுதான்.

"ஏழு நாளில் சென்ட்ரிங் பிரிச்சிடலாம்" என்று எழுதியிருக்கிறது. சரியா?

கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456-இல், சிலாபுக்கு 4.5 மீட்டர் வரை இடைவெளி என்றால் முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது, சமவெளியில் இருப்பவர்கள் அதை மறந்தாலும் பரவாயில்லை, நாம் மறக்கக் கூடாது. அந்தக் கணக்கு ஓ.பி.சி. என்கிற சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு, வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போகாதபோது. ஊட்டியில், குன்னூரில், கொடைக்கானலில் ராத்திரி 15-க்குக் கீழே போகாத நாள் வருடத்தில் எத்தனை? போதாக்குறைக்குக் கடையில் சுலபமாகக் கிடைப்பது பி.பி.சி. (சாம்பல் போன்றவை கலந்த சிமெண்ட்), அது இன்னும் மெதுவாக இறுகும். அதனால் இங்கே பீமுக்குக் கொடுத்த முட்டுகளை 14 நாளில் தொடக்கூட விடாதீர்கள், இன்ஜினியரிடம் கேட்டு நாள் குறித்து, அந்த நாளைக் கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள். சென்ட்ரிங் சாமான் வாடகை நாள் கணக்கு. ஒருவர் 7 நாள் வாடகை போட்டிருப்பார், இன்னொருவர் 28 நாள் போட்டிருப்பார், நாம் முதலாமவரைக் கெட்டிக்காரர் என்று நினைப்போம்.

எந்த மாதம் வேலை ஆரம்பிப்பது நல்லது?

மண் வேலை என்றால் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச். குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பயம், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. கூடலூர், பந்தலூரில் ஜூனில் ஆரம்பிக்கும் தென்மேற்கு. செப்டம்பரில் தடுப்புச் சுவருக்குத் தோண்ட ஆரம்பிக்கலாம் என்று சொல்லும் கான்ட்ராக்டருக்குக் கையில் வேறு வேலை இல்லை என்று அர்த்தம்.

அனுமதி வாங்க வேண்டுமா? அதைக் கான்ட்ராக்டர் பார்த்துக்கொள்வாரா?

பூச்சு, பெயிண்ட், ஓடு மாற்றுவது போன்றவற்றுக்கு யாரும் கேட்பதில்லை. சுவரின் இடத்தை மாற்றுவது, பரப்பைக் கூட்டுவது, மாடி எடுப்பது, சரிவை வெட்டுவது என்று வந்தால் உங்கள் நகராட்சியிலோ பேரூராட்சியிலோ ஊராட்சியிலோ முதலில் போய் விசாரியுங்கள். மலைப்பகுதிக் கட்டட விதிகள் தனி, கட்டட உயரத்துக்கே கட்டுப்பாடு உண்டு, சில கிராமங்களுக்கு மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதியும், அதற்காகப் புவியியல், வேளாண் பொறியியல், வனத்துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்றும் தேவைப்படும். "நான் பார்த்துக்கறேன்" என்று கான்ட்ராக்டர் சொன்னால் அதற்கான கட்டணம் கொட்டேஷனில் எங்கே என்று கேளுங்கள். ரசீது உங்கள் பெயரில் வர வேண்டும்.

ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா?

கேட்டே ஆக வேண்டிய கேள்வி. பொருளோடு சேர்த்து எடுக்கும் கட்டட வேலைக்கு 18 சதவீதம். 7 லட்சத்துக்கு அது ஒரு லட்சத்து 26 ஆயிரம், விளையாட்டா? ஜிஎஸ்டியில் பதிவு செய்யாத சின்ன மேஸ்திரி அதைக் கேட்கவும் கூடாது, கேட்கவும் மாட்டார். இரண்டு பேரையும் ஒப்பிடும்போது இதைக் கழித்துப் பாருங்கள். சிமெண்டுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22-ஆம் தேதியிலிருந்து 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, அதனால் அதற்கு முன்னால் வாங்கிய கொட்டேஷன் பெட்டியில் இருந்தால் தூசி தட்டாமல் புதிதாகக் கேளுங்கள்.

பொருளை நானே வாங்கிக் கொடுத்து, லேபர் மட்டும் கொடுக்கலாமா?

தினம் சைட்டில் நிற்க ஆள் இருந்தால் செய்யலாம். கம்பி, சிமெண்ட் தரம் உங்கள் கையில் இருக்கும். ஆனால் பீமில் கோளாறு வந்தால் அவர் பொருளைச் சொல்வார், கடைக்காரர் வேலையைச் சொல்வார். வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு சனி, ஞாயிறு மட்டும் மலை ஏறுகிறவர்கள் இதில் இறங்க வேண்டாம். நான் நடுவழி எடுத்தேன்: கம்பியும் சிமெண்டும் என்ன பிராண்டு, என்ன கிரேடு என்று எழுதி வாங்கிக்கொண்டேன், வாங்குவது அவர், பில் நகல் எனக்கு.

பேரம் பேசலாமா?

பேசுங்கள், ஆனால் மொத்தத்தில் அல்ல. "7.25-ஐ ஆறரையா முடிச்சுக் கொடுங்க" என்றால் அவர் சரி என்பார், அந்த 75 ஆயிரம் எங்கிருந்து குறையும் என்று உங்களுக்குத் தெரியாது. கம்பி குறையலாம், முட்டு குறையலாம். வரி வரியாகப் பேசினால், டைல்ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், பூச்சை உள்பக்கம் மட்டும் வைக்கலாம் என்று குறைக்கக்கூடியதைக் குறைக்கலாம். கண்ணுக்குத் தெரிவதில் குறையுங்கள், மண்ணுக்குள் போவதில் வேண்டாம்.

எக்ஸ்ட்ரா வராமல் தடுக்க வழி உண்டா?

இல்லை. பழைய வீட்டில், அதுவும் சரிவில், தோண்டினால்தான் என்ன இருக்கிறது என்று தெரியும். எங்களுக்கு மூலையில் 3 அடியில் கெட்டி மண் வரும் என்று எழுதியிருந்தார், 5 அடி போயும் பொத பொதவென்று இருந்தது. எக்ஸ்ட்ராவை ஒழிக்க முடியாது, அதன் ரேட்டை முன்னாலேயே பூட்டலாம். மண் தோண்டக் கன அடிக்கு இவ்வளவு, கல் கட்டக் கன அடிக்கு இவ்வளவு, கம்பி கிலோவுக்கு இவ்வளவு, கூடினாலும் குறைந்தாலும் இதே ரேட், அளவு எடுக்கும்போது இருவரும் நின்று ஒரே நோட்டில் கையெழுத்து. மூட முன் போட்டோ. இது போதும்.

பணம் எப்படிக் கொடுப்பது?

அட்வான்ஸ் பத்து சதவீதத்துக்கு மேல் நான் கொடுக்க மாட்டேன். முதல் வேலையில் பாதிப் பணத்தை முன்னால் கொடுத்துவிட்டு, கூரை திறந்த வீட்டில் தார்ப்பாய்க்கு அடியில் பதினொரு நாள் காத்திருந்தேன், அந்த ஆள் வேறு சைட்டில் இருந்தார். இந்த முறை தேதிக்குப் பணம் கிடையாது, வேலைக்குத்தான் பணம்: முட்டு கொடுத்து முடிந்ததும் இவ்வளவு, முதல் பீம் ஊற்றியதும் இவ்வளவு. கடைசி பத்து சதவீதம் ஒரு வடகிழக்குப் பருவமழை போன பிறகு. இதை ஆரம்பத்திலேயே சொல்லி எழுதிக்கொள்ள வேண்டும், வேலை முடிந்தபின் சொன்னால் சண்டைதான்.

பாதியில் விட்டுவிட்டு ஓடினால்?

வீடு கட்டித் தருவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் சேவைதான், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால் அங்கே காட்ட கையெழுத்துப் போட்ட கொட்டேஷனும் பணம் கொடுத்த ஆதாரமும் வேண்டும். ரொக்கமாகக் கொடுத்து வாய்வார்த்தையில் நின்றவர்களுக்கு அலைச்சல்தான் மிச்சம்.

அவர் முன்னால் செய்த வேலையைப் பார்ப்பது எப்படி?

புதிதாக முடித்ததைக் காட்டுவார்கள், அதைப் பார்க்காதீர்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் கட்டிய தடுப்புச் சுவரைக் கேளுங்கள், நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போங்கள். குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தால் சுவர் வேலை செய்கிறது. சுவர் முழுக்க நனைந்து ஊறி, குழாய் மட்டும் காய்ந்திருந்தால் வீட்டுக்காரரிடம் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பி விடலாம்.

கடைசியில் நீங்கள் யாருக்குக் கொடுத்தீர்கள்?

7.25-க்கு. 9.10 கொடுத்தவர் வேலை தெரிந்தவர்தான், ஆனால் முழு வீட்டின் அஸ்திவாரத்தையும் சேர்த்திருந்தார், அது தேவையில்லை என்று இன்ஜினியர் சொன்னார். அதைக் கழித்தால் அவர் விலையும் ஏறக்குறைய 7.25-க்கே வந்து நின்றது. இரண்டு பேரில் இவரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், பட்டியலில் "சுமைக்கூலி – 42 படி" என்று எழுதியிருந்தார். படியை எண்ணியிருக்கிறார்.

முடிவில் 7 லட்சத்து 81 ஆயிரம் ஆனது, மூலையில் கூடுதலாகத் தோண்டியதும் அதற்கான கான்கிரீட்டும். கடைசிப் பாக்கியை வாங்க ஜனவரியில் வந்தார். என்னிடம் வருவதற்கு முன்னால் நேராகப் பின்பக்கம் போய், ஒவ்வொரு குழாயிலும் ஒரு குச்சியை விட்டுப் பார்த்து, ஒன்றிலிருந்து காய்ந்த யூகலிப்டஸ் இலை ஒரு கொத்தை இழுத்துப் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே, "இதை மட்டும் வருஷத்துக்கு ரெண்டு தடவ பாத்துக்குங்க சார்" என்றார்.